பொங்காத திராட்சரசம்

திராட்சைப் பழத்தை நசுக்கிச் சாற்றை ஒரு பானையில் ஊற்றி வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும். இரண்டு மூன்று நாளில் நுரை தள்ளும். சில வாரங்களில் அது மது. பால் தயிராக வேண்டுமென்றால் உறை ஊற்றியாக வேண்டும். திராட்சைக்கு அதுகூடத் தேவையில்லை. சாறு மதுவாவதைத் தடுப்பதுதான் கடினம். எந்தத் தொழில்நுட்பமும் இல்லாத காலத்தில் அது ஏறக்குறைய முடியாத காரியம்.

இந்த எளிய உண்மையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், கிறிஸ்தவ சபைகளுக்குள் மதுவைப் பற்றி நடந்துவரும் நெடிய வாக்குவாதம் புதிய வெளிச்சத்தில் தெரியும். கத்தோலிக்கக் குரு பலிபீடத்தில் ஒயினை ஏந்துகிறார். மெதடிஸ்ட் போதகர் பெரும்பாலும் திராட்சைச் சாற்றை ஏந்துகிறார். இரட்சணிய சேனையினர் எந்தக் கிண்ணத்தையும் ஏந்துவதில்லை. மதுவைத் தொடுவதும் இல்லை. ஒரே வேதம், ஒரே கடைசி இராப்போஜனம். பிறகு ஏன் இத்தனை வழிகள்?

வசனங்களை எண்ணிப் பார்த்து மட்டும் இதற்கு விடை காண முடியாது. விடையில் பாதி, கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் என்ற பூஞ்சையிடம் இருக்கிறது. ஏறக்குறைய 1,800 ஆண்டுகள் திருச்சபை பெரும்பாலும் கேட்க முடிந்த கேள்வி ‘எவ்வளவு?’ என்பதுதான். ‘கிண்ணத்தில் மது வேண்டுமா, வேண்டாமா?’ என்று கேட்பதற்கு வழி திறந்தது 1860களில், ஆய்வுக்கூடத்தில்.

குளவியின் வயிற்றில் ஒரு விதை

மதுவை உண்டாக்கும் ஈஸ்ட்டின் அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரவிசியே. ஒரே செல் கொண்ட உயிர். மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். திராட்சைத் தோலின் மேல் படிந்திருக்கும் வெண்மையான பூச்சுதான் ஈஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அது பழம் தானே சுரந்துகொள்ளும் மெழுகு. கீறல் இல்லாத நல்ல பழத்தில் இந்த ஈஸ்ட் அரிதாகவே இருக்கும். அப்படியானால் எங்கிருந்து வருகிறது?

2012இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு விடையைக் கண்டார்கள்: குளவிகள். பழுத்த திராட்சையைக் கடித்து உண்ணும் குளவியின் குடலுக்குள் ஈஸ்ட் போய்ச் சேர்கிறது. குளிர்காலம் முழுவதையும் ராணிக் குளவியின் வயிற்றுக்குள் கழிக்கிறது. வசந்தத்தில் ராணி தன் புழுக்களுக்கு ஊட்டும்போது அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அடுத்த பருவத்தில் அந்தக் குளவிகள் பழத்தைக் கடிக்கும்போது மீண்டும் திராட்சைக்குத் திரும்புகிறது. பழத்தோட்டம் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் மதுவின் விதை ஒரு பூச்சியின் உடம்புக்குள் காத்துக்கிடக்கிறது.

சர்க்கரை நிறைந்த சாற்றுக்குள் விழுந்ததும் இந்த உயிர் விசித்திரமான ஒரு வேலை செய்கிறது. ஆக்சிஜன் இருந்தாலும் அதை முழுமையாகப் பயன்படுத்தாமல் சர்க்கரையைப் பாதியில் உடைத்து ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் வெளியே தள்ளுகிறது. முழுமையாக எரித்திருந்தால் பல மடங்கு ஆற்றல் கிடைத்திருக்கும். ஆனால் ஆல்கஹால் மற்ற நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. போட்டியாளர்களை விரட்டிவிட்டுச் சர்க்கரையைத் தனதாக்கிக்கொள்ள ஈஸ்ட் கண்ட தந்திரம் இது. சர்க்கரை தீர்ந்த பிறகு, ஆக்சிஜன் கிடைத்தால், தான் வெளியேற்றிய ஆல்கஹாலையே அது உணவாக்கிக்கொள்ளும். மனிதனை மயக்கும் பொருள் உண்மையில் ஈஸ்ட் தன் பண்டகசாலைக்குப் போட்ட பூட்டு.

இந்த வேலையை மனிதர்கள் கவனித்து, விரும்பி, பழக்கிக்கொண்டது மிகப் பழைய கதை. ஜார்ஜியா நாட்டில், டிபிலிசி நகருக்குத் தெற்கே தோண்டி எடுத்த மண்பாண்டங்களில் திராட்சையின் அடையாளமான டார்டாரிக் அமிலத்தின் சுவடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் கி.மு. 6000ஐ ஒட்டியது. வேதத்தில் முதல் திராட்சைத் தோட்டம் போட்டவர் நோவா; பேழை தங்கியது அராராத் மலைப்பகுதியில். ஜார்ஜியாவும் அந்த வட்டாரத்துக்கு அருகில்தான் இருக்கிறது. அதே நோவாதான் வேதத்தில் முதன்முதலில் குடித்து நிலை தவறியவர். மதுவைப் பற்றிய முதல் கதையிலேயே அதன் இரண்டு முகங்களும் இருக்கின்றன.

பழைய துருத்தி ஏன் கிழிகிறது

புதிய ரசத்தைப் பழைய தோல் துருத்தியில் ஊற்றினால் துருத்தி கிழியும் என்று இயேசு ஓர் உவமை சொன்னார். அதைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர்கள் வீட்டில் நடக்கிற காரியம் அது. நமக்குக் கொஞ்சம் கணக்கு தேவை.

நன்றாகப் பழுத்த திராட்சையின் ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரை இருக்கும். அது முழுவதும் பொங்கி முடிந்தால் கிடைக்கும் மதுவில் ஆல்கஹால் சுமார் 12 சதவீதம். கூடவே வெளிவரும் கரியமில வாயு ஏறக்குறைய 50 லிட்டர்! ஒரு லிட்டர் சாற்றிலிருந்து ஐம்பது லிட்டர் வாயு. எந்தத் தோல் பையும் அதைத் தாங்காது. அதனால் வேகமான பொங்கலை முதலில் கல்தொட்டியிலோ சாடியிலோ முடியவிட்டு, அடங்கி வரும் சமயத்தில் துருத்தியில் ஊற்றுவார்கள். அப்போதும் மிச்சப் பொங்கல் உள்ளே மெதுவாக நடக்கும். புதிய ஆட்டுத்தோலில் நெகிழ்வு இருக்கும். வாயு அழுத்தும்போது விரிந்து கொடுக்கும். ஒருமுறை விரிந்து, காய்ந்து, விறைத்துப்போன பழைய தோலுக்கு விரிய இடமில்லை. தையல் பிரியும்.

ஆக, நற்செய்தி நூல்களின் உலகில் திராட்சைச் சாறு என்றால் பொங்கும் சாறுதான். இதை இன்னொரு கோணத்திலும் சரிபார்க்கலாம். யூதேயாவில் திராட்சை அறுவடை கோடையின் பிற்பகுதியில், செப்டம்பரை ஒட்டி. பஸ்கா பண்டிகை மார்ச் அல்லது ஏப்ரலில். கடைசி இராப்போஜனத்தின் கிண்ணத்தில் இருந்தது அரை ஆண்டுக்கு முன்பு பிழிந்த சாறு. வெப்பநாட்டில், குளிர்சாதனம் இல்லாமல், அது சாறாகவே இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

சாற்றைப் பொங்காமல் வைக்கும் வழிகள் அக்காலத்தில் அறவே இல்லாமல் இல்லை. ரோமானியரான கேட்டோ தன் வேளாண் நூலில் ஒரு வழி சொல்கிறார்: சாற்றைச் சாடியில் ஊற்றி, வாயைக் கீல் பூசி அடைத்து, குளத்து நீரில் முப்பது நாள் மூழ்கடித்து வை. குளிரில் ஈஸ்ட் முடங்கும். சாற்றைக் கொதிக்கவைத்துப் பாகாகச் சுண்டவைப்பது மற்றொரு வழி. இவையெல்லாம் வசதியுள்ள பண்ணைகளின் சமையல் நுட்பங்கள். ஊர்தோறும் எல்லா வீட்டுப் பந்தியிலும் புழங்கியவை அல்ல. வேதம் புகழ்வது சாற்றை, கண்டிப்பது மதுவை என்று 19ஆம் நூற்றாண்டில் சிலர் பிரித்துக் காட்டினார்கள். அவர்களின் அக்கறை மதிப்புக்குரியது. ஆனால் அந்தப் பிரிவினையை ஈஸ்ட் ஒப்புக்கொள்ளாது.

அளவு என்ற நெறி

மது தவிர்க்க முடியாத ஒரு பொருளாக இருந்த உலகில், வேதத்தின் குரல் இரண்டு பக்கமும் பேசுகிறது. மனிதனின் இருதயத்தை மகிழ்விக்கும் கொடை என்கிறது சங்கீதம். பரியாசம் செய்யும் என்று எச்சரிக்கிறது நீதிமொழிகள். நசரேய விரதம் பூண்டவர்கள் திராட்சையின் விதையைக்கூடத் தொடக் கூடாது. ரேகாபியர் குலம் முழுவதுமே குடிக்காது. யோவான் ஸ்நானகன் மதுவைத் தொடவில்லை. அவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். இயேசு பந்தியில் உட்கார்ந்து குடித்தார், குடிகாரன் என்றார்கள். கானாவூர் கலியாணத்தில் ஆறு கற்சாடிகள் நிறைய மது உண்டானது. யோவான் தரும் அளவுப்படி கணக்கிட்டால் 470 முதல் 700 லிட்டர் வரை. விலகியவரும் பந்தியில் கலந்தவரும் ஒரே சுவிசேஷத்தில் அருகருகே நிற்கிறார்கள். ஒருவரைக் காட்டி மற்றவரைத் தள்ள வேதம் இடம் தரவில்லை.

அன்றைய பந்தியில் ஓடிய மதுவை இன்றைய பாட்டில் ஒயினோடு அப்படியே ஒப்பிடவும் கூடாது. கிரேக்க-ரோமானிய உலகில் மதுவோடு தண்ணீர் கலந்து குடிப்பதுதான் நாகரிகம். ஒரு பங்கு மதுவுக்கு இரண்டு மூன்று பங்கு தண்ணீர். 12 சதவீத மது அப்போது 3 அல்லது 4 சதவீதமாக இறங்கிவிடும். தண்ணீருக்கும் இதில் லாபம் உண்டு. மதுவின் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து குடல் நோய்க் கிருமிகள் பலவற்றைக் கொல்லும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வெறும் தண்ணீர் மட்டும் குடித்துவந்த தீமோத்தேயுவிடம், வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று பவுல் எழுதியது இந்தப் பின்னணியில் அர்த்தமுள்ள மருத்துவ யோசனை.

ஆதித் திருச்சபையும் இதே வழியில் நடந்தது. 150ஆம் ஆண்டை ஒட்டி ரோமில் எழுதிய ஜஸ்டின், ஆராதனையில் அப்பமும் தண்ணீர் கலந்த திராட்சரசமும் வைக்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட், இளைஞர்கள் மதுவிலிருந்து விலகியிருக்க வேண்டும், வயதானவர்கள் மாலையில் அளவாகக் குடிக்கலாம் என்று வயதையும் வேளையையும் பார்த்து அறிவுரை சொன்னார். மதுவே கூடாதென்று தண்ணீரை மட்டும் வைத்துத் திருவிருந்து நடத்தியவர்களும் இருந்தார்கள். 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் அதை மறுத்து நீண்ட கடிதம் எழுதினார். மதுவைத் தவிர்க்க விரும்பியவர்களுக்கு அன்று தண்ணீரைத் தவிர வேறு வழி இல்லை என்பதைக் கவனியுங்கள். பொங்காத சாறு என்ற மூன்றாவது வழி அவர்கள் மேசைக்கு வந்து சேரவே இல்லை.

6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்த பெனடிக்ட், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ‘ஹெமினா’ மது என்று வரையறுத்தார். ரோம அளவுப்படி அது கால் லிட்டருக்குச் சற்று மேல். மது துறவிகளுக்கு உரியதல்ல என்று தான் படித்திருப்பதாகவும், இக்காலத்துத் துறவிகளை அதற்கு இணங்க வைக்க முடியாது என்றும், ஆகவே மிதமாகவாவது குடிக்கட்டும் என்றும் அவர் மனம்திறந்து எழுதுகிறார். நோயாளிக்கும் கடும் உழைப்பாளிக்கும் அளவைக் கூட்டும் உரிமை மடத்துத் தலைவருக்கு உண்டு.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதை இன்னும் நுட்பமாக்கினார். மது தன்னளவில் தவறல்ல. நான்கு சூழ்நிலைகளில் தவறாகும் என்றார்: குடிப்பவர் எளிதில் பாதிக்கப்படுபவராக இருந்தால், விலகியிருப்பதாக நேர்ந்துகொண்டிருந்தால், அளவு மீறினால், பக்கத்தில் இருப்பவருக்கு இடறலானால். இவற்றில் அளவு பற்றியது ஒன்றுதான். மற்றவை ஆளைப் பற்றியவை, அயலாரைப் பற்றியவை. இந்தப் பட்டியலின் ஆழம் நம் காலத்து மருத்துவத்தைப் படிக்கும்போதுதான் முழுமையாகப் புரிகிறது.

ஈஸ்ட் போட்ட எல்லையை வாலை தாண்டியது

ஈஸ்ட் உண்டாக்கும் ஆல்கஹால் ஒரு கட்டத்தில் ஈஸ்ட்டையே கொன்றுவிடும். பெரும்பாலான வகைகள் 14, 15 சதவீதத்தை ஒட்டி ஓய்ந்துபோகும். ஆக, பொங்கவைத்த எந்தப் பானத்துக்கும் இயற்கையே ஒரு கூரை போட்டிருந்தது. வேதத்தில் வரும் மது அனைத்தும் அந்தக் கூரைக்குக் கீழே இருந்தவை.

அந்தக் கூரையைப் பிய்த்தெறிந்தது வாலை வடித்தல். ஆல்கஹால் 78 டிகிரி செல்சியசில் கொதிக்கும்; தண்ணீர் 100இல். மதுவைச் சூடாக்கினால் ஆவியில் ஆல்கஹால் கூடுதலாக இருக்கும். ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் கடுஞ்சாராயம். ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலேர்னோ மருத்துவர்கள் வழியாக இது பரவியது. முதலில் மருந்து, பிறகு பானம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனின் ஏழைத் தெருக்களில் ஜின் ஆறாக ஓடியது. 1751இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

ஜான் வெஸ்லி பிரசங்கித்தது அந்த லண்டனில்தான். 1743இல் அவர் மெதடிஸ்ட் குழுக்களுக்கு எழுதிய பொது விதிகளில் குடிவெறிக்குத் தடை உண்டு. மிக அவசியமான நேரம் தவிர வடித்த சாராயத்தை வாங்கவோ விற்கவோ குடிக்கவோ தடை உண்டு. திராட்சரசத்துக்குத் தடை இல்லை. 1826இல் பாஸ்டனில் தொடங்கிய அமெரிக்க மதுவிலக்குச் சங்கமும் ஆரம்பத்தில் சாராயத்தை மட்டுமே எதிர்த்தது. ‘அளவாகக் குடி’ என்ற பழைய நெறி, கூரை இல்லாத இந்தப் புதுப் பானத்தின் முன் தடுமாறியதைத்தான் இவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1832இல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சி என்ற பாலாடைக்கட்டி வியாபாரியும் அவருடைய தோழர்களும் ஒரு படி மேலே போனார்கள். சாராயம், பீர், ஒயின் எதுவுமே வேண்டாம் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டார்கள். குடும்பத்தைக் குடியில் தொலைத்த தொழிலாளிகள் பலர் இந்த உறுதிமொழியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். 1838இல் அயர்லாந்தின் கார்க் நகரில் கப்புச்சின் துறவி தியோபால்ட் மேத்யூ தொடங்கிய இயக்கத்தில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அவர் கத்தோலிக்கக் குரு. திருப்பலியில் ஒயினை அருந்திக்கொண்டே, மக்களிடம் முழு விலக்கைக் கேட்டவர். இரண்டையும் அவர் முரணாகப் பார்க்கவில்லை.

ஆனால் புராட்டஸ்டன்ட் சபைகளில் கிண்ணம் எல்லோர் கைக்கும் வரும். குடியை விட்டுவிட்டதாக வாரத்தில் உறுதிமொழி கொடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிண்ணத்தை என்ன செய்வார்? வாசனை பட்டதும் பழைய தாகம் எழுகிறது என்று அழுத மனிதர்களுக்குப் போதகர் என்ன பதில் சொல்வார்? சில சபைகள் உலர் திராட்சையை ஊறவைத்த நீரைப் பயன்படுத்திப் பார்த்தன. மனம் இருந்தது; ஆண்டு முழுவதும் கெடாத சாறு இல்லை.

மதுவைக் காக்க வந்த சூடு

விடை, மதுவை நேசித்த ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து வந்தது. பொங்குதல் என்பது உயிரின் செயல் என்று லூயி பாஸ்டர் 1857 முதல் நிறுவத் தொடங்கியிருந்தார். பிரான்சின் ஒயின்கள் புளித்தும் கசந்தும் கெட்டுப்போய், ஏற்றுமதி அடிவாங்கியது. 1863இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அவரிடம் தீர்வு கேட்டார். பாஸ்டர், தான் வளர்ந்த ஆர்புவா ஊரில் ஒரு ஆய்வுக்கூடம் அமைத்துக் கெட்ட ஒயின்களை நுண்ணோக்கியில் வரிசையாகப் பார்த்தார். ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு தனி நுண்ணுயிர். அடைத்த பாட்டிலை 50 முதல் 60 டிகிரிக்குச் சிறிது நேரம் சூடாக்கினால் போதும், அவை செத்துவிடும்; ஒயின் நீடிக்கும். 1865இல் காப்புரிமை, 1866இல் ஒயினைப் பற்றிய நூல்.

இந்தச் செய்தி கடல் தாண்டி நியூ ஜெர்சியின் வைன்லாந்து என்ற ஊருக்குப் போனது. தொடக்கத்திலிருந்தே மது விற்பனைக்கு இடம் கொடாத ஊர் அது. அங்கே பல் மருத்துவராக இருந்தார் தாமஸ் பிராம்வெல் வெல்ச். முன்பு மெதடிஸ்ட் போதகராக இருந்து, குரல் கெட்டுப்போனதால் மருத்துவத்துக்கு வந்தவர். திருவிருந்து ஏற்பாடுகளைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு. மதுவைக் கெடாமல் காக்கும் சூடு, சாற்றை மதுவாகாமலும் காக்குமே என்று அவருக்குத் தோன்றியது.

1869இல் தன் சமையலறையில் அதைச் செய்து பார்த்தார். கருநீலக் கான்கார்ட் திராட்சையைச் சில நிமிடம் வேகவைத்து, துணிப்பையில் கட்டிப் பிழிந்து, பாட்டிலில் நிரப்பி, தக்கையும் மெழுகும் வைத்து அடைத்து, கொதிநீரில் நிறுத்தினார். பாட்டிலுக்குள் இருந்த ஈஸ்ட் செத்தது. அடைப்பு இறுக்கமாக இருந்ததால் வெளியிலிருந்து வேறு ஈஸ்ட் நுழையவில்லை. வாரங்கள் கழிந்தன, பாட்டில் பொங்கவில்லை. வியாபார அளவில் இன்றுவரை வாழும் திராட்சைச் சாற்றுத் தொழிலின் பிறப்பு அது.

‘பொங்காத ஒயின்’ என்ற பெயரில் அவர் விற்க முயன்றபோது சபைகள் தயங்கின. ஆயிரத்து எண்ணூறு ஆண்டு வழக்கத்தை ஒரு பாட்டில் மாற்றிவிடுமா? சில ஆண்டுகளில் அவர் வியாபாரத்தைக் கைவிட்டார். மகன் சார்லஸ்தான் பிறகு அதைத் தூக்கி நிறுத்தினார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்தவர்கள் அதைச் சுவைத்தார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் அமெரிக்க மெதடிஸ்ட் மேசைகளில் சாறு வழக்கமாகிவிட்டது. பாப்டிஸ்ட் சபைகளிலும் பரவியது.

நுண்ணுயிரியல் அதோடு நிற்கவில்லை. ஆல்கஹால் இல்லாத சாற்றை ஒரே கிண்ணத்தில் எல்லோரும் உதடு வைத்துக் குடித்தால் கிருமி பரவாதா என்ற கேள்வி எழுந்தது. 1890களில் தட்டு நிறையச் சின்னஞ்சிறு தனிக் கிண்ணங்கள் வந்தன. இன்று பல சபைகளில் நாம் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், கிருமிக் கொள்கை ஆராதனைக்குள் நுழைந்ததன் சாட்சி.

நிறுத்திவைத்த பொங்கல்

கத்தோலிக்கத் திருச்சபை இந்தப் பாதையில் வரவில்லை. திருப்பலிக்கான ஒயின் திராட்சைக் கனியிலிருந்து வந்த இயற்கையான ஒயினாக, கெடாததாக இருக்க வேண்டும் என்கிறது அதன் சட்டத் தொகுப்பு. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளும் ஒயினையே பயன்படுத்துகின்றன. பைசாந்திய மரபில் அதில் சூடான நீரைச் சேர்ப்பார்கள்.

இயேசு செய்ததைச் செய்கிறோம் என்பதே இங்கே அடிப்படை. பொருளை மாற்றும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்பது அவர்கள் நிலை. ஆனால் குடிநோயால் பாதிக்கப்பட்ட குருக்களின் வேதனை அவர்களுக்கும் தெரியும். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு வேதியியல் நுட்பம் கொண்டது. ஆயரின் அனுமதியோடு ‘முஸ்தும்’ பயன்படுத்தலாம் என்று வத்திக்கான் 2003இல் மீண்டும் தெளிவுபடுத்தியது. முஸ்தும் என்பது புதிய சாறு; அல்லது உறையவைத்தல் போன்ற, இயல்பை மாற்றாத முறையால் பொங்குவதை இடைநிறுத்திய சாறு. ஈஸ்ட் வேலையைத் தொடங்கிய கட்டத்திலேயே நிறுத்திவிடுவதால் ஆல்கஹால் மிகச் சொற்பமாகவே இருக்கும். தவிர, அப்பத்தை மட்டும் பெற்றாலே முழு நற்கருணைதான் என்ற போதனையும் விசுவாசிகளுக்கு வழிவிடுகிறது.

தமிழ்நாட்டிலும் இந்த வேறுபாடுகளைப் பார்க்கலாம். கத்தோலிக்க ஆலயங்களில் பூசை ஒயின், பெந்தெகொஸ்தே சபைகளில் திராட்சைச் சாறு, சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். உலர் திராட்சையை வேகவைத்துப் பிழிந்த சாற்றைத் திருவிருந்துக்கு வைக்கும் சபைகளும் உண்டு.

ஒரு மிடறு உடலுக்குள்

திருவிருந்தில் ஒருவர் அருந்தும் ஒரு சிறு மிடறு சுமார் 5 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீத ஒயினில் அது அரை கிராம் ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைச் சிதைக்கும். அந்த மிடற்றின் கணக்கு மூன்று நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு முழுக் கோப்பை, அதாவது 150 மில்லி ஒயினில் 14 கிராம். அதற்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். போதையளவில் பார்த்தால் அந்த மிடறு ஒன்றுமில்லை.

ஆனால் குடிநோயிலிருந்து மீண்டுவரும் ஒருவரின் மூளைக்கு அது வெறும் அரை கிராம் அல்ல. வாசனையும் சுவையும் பழைய நினைவுச் சுற்றுகளைத் தட்டியெழுப்பும். குடியை விடுவதற்காக டைசல்ஃபிராம் என்ற மருந்து எடுத்துக்கொள்பவருக்கு ஆபத்து இன்னும் நேரடியானது. ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு ஒரு நொதியால் சாதுவான அசிட்டேட்டாக மாறும். அந்த இரண்டாவது படியை இந்த மருந்து தடுத்துவிடும். சிறிதளவு மது பட்டாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். அதே நொதி பிறப்பிலேயே பலவீனமாக அமைந்தவர்கள் கிழக்கு ஆசியாவில் ஏராளம்.

குடிக்கு அடிமையாகும் சாத்தியத்தில் ஏறக்குறைய பாதி மரபணு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. ஒருவர் ஒரு கோப்பையோடு எழுந்துபோவதும், அவர் அண்ணன் எழ முடியாமல் உட்கார்ந்திருப்பதும் மன உறுதியின் வேறுபாடு மட்டுமல்ல. அளவு காப்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. குடிப்பவர் எளிதில் பாதிக்கப்படுபவரா என்று பார் என அக்குவினாஸ் சொன்னதன் உட்பொருள் இதுதான். மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக 1988இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதையும் குறிப்பிட முடியாது என்று அந்நிறுவனம் 2023இல் அறிவித்தது. தண்ணீரே ஆபத்தாக இருந்த உலகில் வயிற்றுக்காகக் கொஞ்சம் என்ற யோசனைக்கு இருந்த மருத்துவ நியாயம், கொதிக்கவைத்த குடிநீரும் நல்ல மருந்தும் கிடைக்கும் இடத்தில் இன்று இல்லை.

யாருடைய அளவு?

கிறிஸ்தவர்களின் இந்த நெடிய உரையாடலில் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்றுதான். மிதம் என்பதை எல்லோரும் மில்லிகணக்கில் தேடுகிறார்கள். பவுல் அதை ஆள்கணக்கில் வைத்தார். ரோமருக்கு எழுதியபோது, தன்னால் தாங்க முடியும் என்பதற்காகக் குடிக்காதே, பக்கத்தில் இருப்பவன் இடறுவானானால் விட்டுவிடு என்றார். கொரிந்து சபைப் பந்தியில் ஒருவர் பசியோடும் இன்னொருவர் வெறியோடும் இருந்தபோது அவரைச் சுட்டது மதுவின் சதவீதம் அல்ல. பந்தியில் ஒருவர் மற்றவரை மறந்ததுதான்.

அந்த அளவுகோலால் பார்த்தால், சாற்றை ஏந்தும் சபையும் ஒயினை ஏந்தும் சபையும் எதிரெதிர் முகாம்கள் அல்ல. வெல்ச் தன் அடுப்பில் பாட்டிலை வேகவைத்தது, திருவிருந்துக்கு வர அஞ்சிய ஒருவர் அஞ்சாமல் வரட்டும் என்பதற்காக. வத்திக்கான் முஸ்துமை அனுமதித்ததும் அதற்காகவே. ஒருவர் பொருளை மாற்றினார், மற்றவர் பொருளைக் காத்துக்கொண்டு விதிவிலக்கைத் திறந்தார். இருவருக்கும் கருவியைக் கொடுத்தது நுண்ணுயிரியல். எதற்காக அதைப் பயன்படுத்துவது என்பதை அறிவியல் சொல்லித் தரவில்லை. அது அவர்கள் ஏற்கெனவே கைக்கொண்டிருந்த அன்பிலிருந்து வந்தது.

ஆகவே இன்றும் ஒரு சபையோ குடும்பமோ கல்யாணப் பந்தியோ மதுவைப் பற்றி முடிவெடுக்கும்போது, ‘நான் எவ்வளவு வரை போகலாம்?’ என்று தொடங்குவதைவிட, ‘இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் இதைத் தாங்க முடியாதவர் யார்?’ என்று தொடங்குவது மேல். ஈஸ்ட்டை அடக்கத் தெரியாத காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தும் வழி இருக்கவில்லை. இன்று வழி இருக்கிறது. மலிவாக, எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. பலவீனமானவருக்கு ஏற்ற கிண்ணத்தைப் பந்தியில் வைக்காமல் இருப்பதற்கு இனி நமக்குச் சாக்கு இல்லை.